புதன்கிழமை இரவு 11.59

எங்கள் கல்லூரி விடுதியில் புதன்கிழமை இரவு யாரும் சீக்கிரம் படுப்பதில்லை. அந்த வாரத்துக்கான ‘என்பிடெல்’ அசைன்மென்டை இரவு 11.59-க்குள் ஏற்றிவிட வேண்டும். பதினொன்றரைக்கு மேல் விடுதி வைஃபை திணற ஆரம்பிக்கும். அடுத்து என் வாட்ஸ்அப். “மேம், நாலாவது கேள்விக்கு ரெண்டு ஆன்ஸர் வருதுங்க மேம்.” “மேம், டேட் எக்ஸ்டென்ட் பண்ணுவாங்களாங்க?” பண்ண மாட்டார்கள். கான்பூரிலோ சென்னையிலோ இருந்து பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு எங்கள் விடுதியின் வைஃபை நிலவரம் தெரியாது. தெரிந்தாலும், மணி பார்த்துக் கதவைச் சாத்துவது அவர் இல்லை, ஒரு சர்வர்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். கூடவே ‘ஸ்பாக்’ என்றொரு வேலையும் என் தலையில் இருக்கிறது. என்பிடெலில் பதிவுசெய்த ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படி ஒரு ஆள் உண்டு. யார் எந்தப் பாடத்தில் சேர்ந்தார்கள், யார் அசைன்மென்ட் போடவில்லை, யாருக்கு ஹால் டிக்கெட் வரவில்லை என்பதெல்லாம் அந்த ஆளின் பாடு. சம்பளத்தில் இதற்கென்று ஒரு ரூபாய் கூடாது. ஆனால் ஆன்லைன் படிப்பு எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆன்லைன் படிப்பு என்றதும் பலருக்கும் கொரோனாக் காலம்தான் நினைவுக்கு வருகிறது. கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிய பிள்ளைகள், மாடிப்படியில் சிக்னல் தேடிய வாத்தியார்கள். அது ஒரு நெருக்கடிக்கான ஏற்பாடு, அவ்வளவுதான். நம் நாட்டில் இந்தக் கதை அதற்கு இருபது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. பொறியியல் கல்லூரிகள் சரசரவென்று முளைத்த காலம் அது. கட்டடம் கட்டுவதற்கு ஒன்றிரண்டு ஆண்டு போதும்; பாடம் நடத்தத் தெரிந்த ஆளை உருவாக்க அது போதாது. நேற்று பி.இ. முடித்தவர் இன்று வகுப்பெடுத்தார். அந்தக் குறையை ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களைப் பதிவுசெய்து நாடெங்கும் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்ற யோசனை 1999-இல் எழுந்தது. 2003-இல் மத்திய அரசின் பணத்தில் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து ‘என்பிடெல்’ என்ற பெயரில் வேலையைத் தொடங்கின. அப்போது சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த் இதை முன்னின்று நடத்தியவர். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஆகிய ஐந்து துறைகளில்தான் ஆரம்பம். ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ நாற்பது வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் நூலகத்துக்கு வந்தன. கல்லூரி இணையத்தில் ஒரு மணி நேர வீடியோ ஓடும் என்று யாரும் நம்பாத நாட்கள். டிஸ்க்கை நூலகக் கணினியில் மாட்டி, பெயர்ப் பலகையும் வைத்தார்கள். மாணவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நாங்கள். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை முந்தின நாள் மாலை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்ட இளம் விரிவுரையாளர்கள்தான் என்பிடெலின் முதல் உண்மையான மாணவர்கள் என்பேன். சென்னை ஐஐடி இயற்பியல் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகளை அப்படித்தான் கேட்டேன். கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர். கேமராவுக்காக எந்த வித்தையும் கிடையாது. இன்றைக்கும் எடிட்டிங், பின்னணி இசை எல்லாம் போட்டு வருகிற பாட வீடியோக்களைவிட எனக்கு அவைதான் பிடிக்கும்.

பாடங்கள் யூடியூபில் ஏறியதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். இனி யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஏதாவது ஒரு பாடத்தின் முதல் வகுப்பை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், கடைசி வகுப்பை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகுப்பில் திருவிழாக் கூட்டம் இருக்கும்; கடைசி வகுப்புக்குள் அது கரைந்திருக்கும்.

இது நம் பிள்ளைகளின் சோம்பல் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தங்கள் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா வந்தது, எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான் என்ற அளவுக்குப் பேச்சு ஓடியது. பிறகு எட்எக்ஸில் எம்ஐடி, ஹார்வர்ட் நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுப் பதிவுகளை ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் ஆராய்ந்து, 2019 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. 2017-18-இல் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். அதே ஆண்டில், சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு 46 பேர்.

எனக்கு அந்தக் கட்டுரையில் சுவையானது இந்த மூன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான். இரண்டு கூட்டமும் பார்த்தது ஒரே வீடியோ, ஒரே ஆசிரியர். பணம் கட்டுபவர் ஏற்கெனவே மனதைத் திடப்படுத்திக்கொண்டவர் என்பது உண்மை. ஆனால் கட்டிய பணமும், முன்னால் நிற்கும் தேதியும் ஒருவரை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன்.

என்பிடெல் இதைத் தன் அனுபவத்தில் கண்டுகொண்டது. 2014 மார்ச்சில் சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கினார்கள். இன்று நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் என மூன்று அளவில் பாடங்கள் உண்டு. ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. சேர்வதற்குக் காசு இல்லை, வயது வரம்பு இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. வாரா வாரம் வீடியோ வரும், கூடவே அசைன்மென்ட். கடைசியில் தேர்வு எழுத விரும்புகிறவர்கள் மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். தேர்வு வீட்டில் இல்லை. சனி, ஞாயிறுகளில், நகரத்திலுள்ள ஒரு தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால், மூன்று மணி நேரம்.

மதிப்பெண் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமானால் முதலாவதில் குறைந்தது 10, இரண்டாவதில் குறைந்தது 30, இரண்டும் வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் எல்லா அசைன்மென்டும் கணக்கில் சேராது. நன்றாகச் செய்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் தீபாவளி, ஒரு வாரம் மாடல் எக்ஸாம் என்று போனாலும் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பாடம் நடத்துகிற ஒரு அமைப்பு, மாணவனுக்கும் ஒரு வீடு, ஊர், பண்டிகை உண்டு என்று நினைத்துப் போட்ட விதி அது.

இந்த 25, 75 என்ற பிரிவைப் போட்டவருக்கு மாணவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அசைன்மென்ட் விடைகள் வெளியே சுற்றுகின்றன என்பது ஊரறிந்த ரகசியம். வியாழக்கிழமை வந்த கேள்விக்கு வெள்ளிக்கிழமை விடை போடுகிற வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. இப்போது அவற்றுக்கும் வேலை குறைந்துவிட்டது. கேள்வியைப் படம் பிடித்து ஏஐ செயலியிடம் கொடுத்தால் விளக்கத்தோடு விடை வந்துவிடுகிறது. சான்றிதழில் அசைன்மென்ட் மதிப்பெண்ணும் தேர்வு மதிப்பெண்ணும் தனித்தனியாக அச்சாகும். 25-க்கு 25 வாங்கி, 75-க்கு 31 வாங்கிய சான்றிதழைப் பார்த்தால் அதற்குச் சொந்தக்காரரின் பன்னிரண்டு புதன்கிழமைகளும் எனக்குக் கண்ணில் தெரியும். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களும் இப்போது அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கிறார்கள். காப்பியடிப்பதைத் தடுக்கச் செயலிமேல் செயலி போட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிகளுக்கு, தேர்வறையில் ஒரு நாற்காலி போடுவது எவ்வளவு மலிவான தீர்வு என்று யாராவது சொல்ல வேண்டும்.

அந்த நாற்காலிவரை பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பதுதான் பெரிய பாடு. கட்டணம் கட்டும் கடைசி வாரத்தில் பெரும்பாலோர் கழன்றுகொள்வார்கள். பட்டியல், பழங்குடி வகுப்பு மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு. அதற்குச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், அது தேதிக்குள் நடக்க வேண்டும். பிறகு மையம். உள்ளூரில் இடம் நிரம்பிவிட்டால் கோவையோ சேலமோ. காலைத் தேர்வு ஒன்பது மணிக்கு. பவானியில் ஜமக்காளத் தறி போட்டிருக்கும் ஒரு அப்பா போனில் கேட்டார்: “ஏனுங்க மேடம், ஞாயித்துக்கெழமை அதென்னங்க பரீட்சை? காலேஜுலயே வெச்சா ஆகாதுங்களா?” அசல் அடையாள அட்டை வேண்டும், நகல் ஆகாது, மகள் தனியாக வர வேண்டாம், நான் கூடவே பஸ்ஸில் வருகிறேன் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன். அந்தப் பெண் தேர்வு எழுதினாள். இணைய வழிக் கல்வி பற்றிப் பேசுகிற கருத்தரங்குகளில் கல்லூரி பஸ்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இனி, வகுப்பறைக்கு வருகிறேன். எங்களிடம் சேருகிறவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். ஐஐடி பேராசிரியரின் ஆங்கிலமும் உச்சரிப்பும் வேகமும் அவர்களுக்கு முதல் வாரத்திலேயே மலைப்பைத் தருகின்றன. என்பிடெல் பல பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்ப்புத் தருகிறது, பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் புரியாமல் போவது எப்போதும் மொழியால் மட்டும் இல்லை.

‘கான்வல்யூஷன்’ என்றொரு கணக்கு. சிக்னல் பாடத்தில் இதில் சறுக்காத மாணவர் அபூர்வம். ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, இன்னொன்றின் மேல் ஒவ்வோர் இடமாக நகர்த்தி, எதிரெதிராக நிற்கும் எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். வீடியோவில் அழகான அனிமேஷனே இருந்தது. பார்த்தார்கள், தலையாட்டினார்கள், அசைன்மென்டில் தவறவிட்டார்கள். பழைய காலண்டர் தாளை இரண்டு பட்டைகளாக வெட்டிக் கொடுத்தேன். ஒன்றில் 1, 2, 3 என்று எழுதச் சொன்னேன். இன்னொன்றில் 1, 2. அதைத் திருப்பினால் 2, 1. இப்போது கீழ்ப்பட்டையை இடமிருந்து வலமாக நகர்த்து. முதலில் ஒன்றுக்கு ஒன்று, விடை 1. அடுத்து இரண்டு ஜோடி எதிரெதிரே வருகின்றன, இரண்டும் இரண்டும் 4. அடுத்து நாலும் மூன்றும் 7. கடைசியில் மூன்றுக்கு எதிரே இரண்டு, 6. “அட, இவ்வளவுதானுங்களா மேம்?” என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். இவ்வளவுதான். பிறகு அதே வீடியோவைத் திரும்பப் போட்டேன். இம்முறை பேராசிரியர் சொல்வதற்கு முன்பே இவர்கள் விடை சொன்னார்கள்.

அதனால் நான் வீடியோவைத் தனியாகப் பார்த்துவிட்டு வா என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் புரொஜெக்டரில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் கேள்வி கேட்கிறேன். அந்த நிறுத்தத்தில்தான் பாடமே நடக்கிறது. கேள்வி கேட்கக் கூச்சப்படும் பெண்கள் பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்க ஒரு ஆள் அறையில் இருக்க வேண்டும்.

மென்பொருள் கற்பது மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. மும்பை ஐஐடியின் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ பாடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். திரையில் பாதியில் பாடம், மறுபாதியில் மென்பொருள். பாடத்தில் செய்வதை நீங்கள் அங்கேயே செய்துபார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாமலே கற்கும்படி வரிக்கு வரி எழுதித் திருத்தியவை. பேச்சு மட்டும் தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளில் வருகிறது. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். நாளை வேலையிடத்தில் மாணவர்கள் பார்க்கப்போவதும் அந்தத் திரையைத்தானே. தனியாக உட்கார்ந்து படித்து முடிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்தது இதில்தான். கை வேலை செய்துகொண்டே இருப்பதால் கண் சொருகுவதில்லை.

சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பும் என் கட்சியைத்தான் பேசுகிறது. ஜேஇஇ எழுத வேண்டாம். நான்கு வாரம் பாடம் படித்து, அசைன்மென்ட் செய்து, ஒரு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். நடுவில் நிறுத்திக்கொண்டாலும் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ கையில் இருக்கும்; முழுதாகப் போனால் பி.எஸ். பட்டம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பெரும்பகுதி சலுகையும் உண்டு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதில் சேர்ந்தவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் இணையத்தில். வினாடி வினாக்களும் இறுதித் தேர்வும் மட்டும் நேரில், மையத்தில். நாட்டின் பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் ஒன்று, கண்காணிப்புக்கு எத்தனையோ கருவிகள் வைத்துக்கொள்ள முடிந்தும், தேர்வுக்கு நேரில் வா என்கிறது.

எனக்கு உள்ள கவலை வேறு திசையிலிருந்து வருகிறது. என்பிடெல் உள்படப் பல அமைப்புகளின் பாடங்கள் ‘ஸ்வயம்’ என்ற மத்திய அரசுத் தளத்தில் 2017 முதல் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம்வரை அங்கே படித்து, மதிப்பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யுஜிசி 2016-இல் விதி செய்தது. 2021-இல் அது 40 சதவீதம் ஆனது. மாணவருக்கு இது நல்ல கதவு. எங்களிடம் நடத்த ஆளில்லாத பாடத்தை அவர் ஐஐடியிலிருந்து படிக்கலாம். அதே விதியைக் கணக்குப்பிள்ளை படித்தால் வேறு மாதிரி தெரியும். ஐந்தில் இரண்டு பாடம் இணையத்தில் என்றால், வாத்தியாரில் எத்தனை பேர் மிச்சம்? “வீடியோ ஐஐடியிலிருந்து வருது, நீங்க எதுக்கு கிளாஸ்ல நிக்கணும்?” என்ற கேள்வியைக் கல்லூரிக் கூட்டங்களில் என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பதில் கலிஃபோர்னியாவில் கிடைக்கிறது. 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், மேலே சொன்ன த்ரன் தொடங்கிய உடாசிட்டியோடு சேர்ந்து, கணக்கில் பின்தங்கிய மாணவர்களுக்கானது உள்பட மூன்று கணிதப் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. நேர்வகுப்பில் தேறுகிறவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். அந்த ஜூலையிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவருக்கு வீடியோ போதும். யாருக்குப் படிப்பு கடினமோ, அவருக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். நம் ஊரில் ஆளைக் குறைக்க நினைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில்தான்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோரே, பஸ் எத்தனை மணிக்கு, விடுதியில் அசைவம் உண்டா, பிளேஸ்மென்ட் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். என்பிடெல் உண்டா என்று கேட்டால் எல்லாக் கல்லூரியும் உண்டு என்றுதான் சொல்லும். அதனால் கொஞ்சம் குடைந்து கேளுங்கள். கால அட்டவணையில் அதற்கு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? அந்த நேரத்தில் அறையில் நிற்பது யார், அவருக்கு அந்தப் பாடம் தெரியுமா? தேர்வுக் கட்டணத்தில் கல்லூரி பங்கு போடுமா? மையம் வெளியூரில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் போகுமா? போன ஜூலைச் சுற்றில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று இரண்டு எண்ணையும் கேளுங்கள். முதல் எண்ணை மட்டும் சொன்னால், ஸ்பாக் யார் என்று கேட்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். இரண்டாவது எண் அவரிடம் இருக்கும்.